பார்ட்டிசிபிள் எங்கே மாறும், எங்கே மாறாது: இத்தாலியனும் ருமேனியனும்

இத்தாலியன் கற்க ஆரம்பிக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொள்கிற இடம் இது. "மரியா போனாள்" என்பதற்கு "மரியா ஏ அந்தாத்தா" என்று சொல்லிக் கொடுப்பார்கள், பாவ்லோ போனால் "அந்தாத்தோ", மரியா போனால் "அந்தாத்தா", சரி, புரிகிறது. அடுத்த பக்கத்திலேயே "மரியா சாப்பிட்டாள்" வரும், அங்கே "மரியா ஆ மஞ்ஜாத்தோ" என்று ஓகாரத்தில் நிற்கும். அதே மரியாதான், அதே இறந்தகாலம்தான், ஆனால் ஒன்றில் பெண்பால் ஒட்டுகிறது, இன்னொன்றில் ஒட்டவில்லை. "அந்தாத்தா", "மஞ்ஜாத்தோ" மாதிரி வினையிலிருந்து பிறந்து பெயரடை போலவும் நிற்கக்கூடிய சொல்லைத்தான் பார்ட்டிசிபிள் என்கிறேன், அதற்கு முன்னால் நிற்கிற "ஏ", "ஆ" துணைவினைகள். பாடப்புத்தகம் இதற்கு ஒரு பட்டியல் கொடுக்கும்: இன்ன வினைகளுக்கு இந்தத் துணைவினை, இன்ன இடத்தில் இயைபு (பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பச் சொல் மாறுவது) உண்டு, இன்ன இடத்தில் இல்லை, இன்ன இடத்தில் உங்கள் விருப்பம். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் எண்ணம். பக்கத்தில் ருமேனியனை வைத்துப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கிற நியாயம் தெரிந்துவிடும். இரண்டும் லத்தீனின் பிள்ளைகள், இரண்டும் ஒரே சொத்தைத்தான் பங்கு பிரித்துக்கொண்டன. ருமேனியன் தன் பங்கைச் சுத்தமாக வரப்பு போட்டுப் பிரித்துவிட்டது, இத்தாலியன் இன்னும் பாதி பொதுவிலேயே வைத்திருக்கிறது.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மொழிகளின் சொற்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். ருமேனியனில் வாயை அதிகம் திறக்காமல் சொல்கிற ஒரு அரை அகரம் உண்டு, சொல்லின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் அதுதான் பெண்பால் ஒருமையின் அடையாளம். அதைக் குறில் அகரமாகவும், முழு அகரத்தை ஆகாரமாகவும் எழுதியிருக்கிறேன். "ஸ்க்ரீஸ்" என்றால் ஆண்பால், "ஸ்க்ரீஸ" என்றால் பெண்பால், "ஸ்க்ரீஸெ" என்றால் பெண்பால் பன்மை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நாம் எங்கிருந்து வருகிறோம் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தமிழ் பேசுகிறவருக்கு இங்கே வருகிற தடுமாற்றம் ஆங்கிலம் பேசுகிறவருக்கு வருவதிலிருந்து வேறுபட்டது. தமிழில் பால் காட்டும் வேலை வினைமுற்றின் தலையில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது. பெயருக்கு முன்னால் நிற்கிற சொல் எதற்கும் அந்தக் கவலை கிடையாது: வந்த பையன், வந்த பெண், வந்த பிள்ளைகள், வந்த கடிதம், நல்ல பையன், நல்ல பெண். பெயரெச்சமும் பெயரடையும் யாருக்காகவும் மாறுவதில்லை. லத்தீன் குடும்பத்து மொழிகளில் இது அப்படியே தலைகீழ். அங்கே முற்றுவினை பாலைக் கண்டுகொள்வதே இல்லை, "வருகிறான்", "வருகிறாள்" இரண்டுக்கும் இத்தாலியனில் "வியேனே" என்ற ஒரே சொல்தான். பால் காட்டுவது பெயரடையும், பெயரடை போல நடந்துகொள்கிற பார்ட்டிசிபிளும்தான். அதனால் தமிழ்க்காரருக்கு இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கும். பெயரடையில் இயைபைச் சேர்க்க மறந்துபோகும், பெயரடை என்றாலே மாறாதது என்று பழகிவிட்டதால். இறந்தகால வினையில் எழுவாயின் பாலைத் தேவையில்லாத இடத்தில்கூடச் சேர்க்கத் தோன்றும், "சாப்பிட்டாள்" என்பதில் ளகர ஒற்று இருப்பதால். "மரியா ஆ மஞ்ஜாத்தா" என்று வாய் தானாகப் போவதற்குக் காரணம் இதுதான்.

பெயரடையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இத்தாலியனில் அது சுலபம். ஓகாரத்தில் முடிகிற பெயரடைக்கு நான்கு வடிவம், "ஸ்தான்கோ, ஸ்தான்கா, ஸ்தான்கி, ஸ்தான்கே" (களைத்த). ஏகாரத்தில் முடிகிறதற்கு இரண்டு, "க்ராந்தே, க்ராந்தி" (பெரிய). நீலத்துக்கான "ப்ளூ", இளஞ்சிவப்புக்கான "ரோஸா" மாதிரி சில நிறச்சொற்கள் மாறவே மாறாது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் ஆண்பால் பன்மை. அவ்வளவுதான்.

ருமேனியனில் கொஞ்சம் நிற்க வேண்டும், அங்கே விகுதி மட்டும் மாறாமல் சொல்லின் உடம்பே மாறுகிறது. "அழகான" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆணுக்கு "ஃப்ருமோஸ்", பெண்ணுக்கு "ஃப்ரும்வாஸ", ஆண்கள் பலருக்கு "ஃப்ருமோஷ்", பெண்கள் பலருக்கு "ஃப்ரும்வாஸெ". பெண்பாலில் நடு உயிர் "ஓ" உடைந்து "வா" ஆகிறது, ஆண்பால் பன்மையில் கடைசி "ஸ்" "ஷ்" ஆகிறது. ஆண்பால் பன்மைக்கு உண்மையில் ஒரு இகரம் உண்டு, ஆனால் அது மூச்சாகத் தேய்ந்து போய்விட்டது, போகிற போக்கில் முன்னால் இருந்த மெய்யை மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. "ஒபொஸீத்" (களைத்தவன்) பன்மையில் "ஒபொஸீத்ஸ்" ஆவதும் அப்படித்தான். எழுத்தில் இகரம் நிற்கும், காதில் மெய்யின் மாற்றம் மட்டும்தான் விழும். எழுதிப் பார்த்து மட்டும் கற்றால் இந்த மொழியில் இயைபு காதில் ஏறாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, ருமேனியனில் வேற்றுமையும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. "களைத்த பெண்ணுக்கு" என்று சொல்ல வேண்டுமானால் "ஃபேத்தெய் ஒபொஸீத்தெ". பெண் ஒருத்திதான், ஆனால் பெயரடை பன்மை வடிவத்தில் நிற்கிறது! பெண்பால் ஒருமை நான்காம், ஆறாம் வேற்றுமையில் எடுக்கிற வடிவமும் பெண்பால் பன்மை வடிவமும் ருமேனியனில் ஒன்றேதான். இதை முதலில் பார்க்கிறவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். இத்தாலியன் பெயர்ச்சொல்லில் வேற்றுமையை முழுக்கத் தொலைத்துவிட்டதால் அங்கே இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை.

சரி, பார்ட்டிசிபிளுக்கு வருவோம். ருமேனியனில் இருந்து ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: "ஃபேத்தெலெ ஆவ் வெனீத் ஒபொஸீத்தெ." பெண்கள் களைத்துப்போய் வந்தார்கள். இதில் இரண்டு பார்ட்டிசிபிள்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. "வெனீத்" (வா என்பதன் பார்ட்டிசிபிள்) ஆண்பால் ஒருமை வடிவத்தில் அசையாமல் கிடக்கிறது. "ஒபொஸீத்தெ" (களைப்படை என்பதன் பார்ட்டிசிபிள்) பெண்பால் பன்மையாக மாறியிருக்கிறது. பெண்களை எடுத்துவிட்டுப் பையன்களைப் போடுங்கள், "பயேத்ஸீ ஆவ் வெனீத் ஒபொஸீத்ஸ்", முதல் சொல் அப்படியே இருக்கிறது, இரண்டாவது மட்டும் மாறுகிறது. முதல் சொல் துணைவினையோடு சேர்ந்து ஒரு காலத்தை உண்டாக்குகிற வேலையில் இருக்கிறது, அதாவது அது வினை. இரண்டாவது சொல் பெண்களின் நிலையைச் சொல்கிறது, அதாவது அது பெயரடை. வினையானால் உறைந்துவிடும், பெயரடையானால் இயையும். ருமேனியனின் சட்டம் இவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எவ்வளவு கறாராக வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் "ஃபி" என்ற சொல் வருகிற இடம். அது "இரு" என்ற வினையின் அடிவடிவம். "மரியா ஆர் ஃபி இன்கீஸ் ஊஷா" என்றால் மரியா கதவை மூடியிருப்பாள். "ஊஷா ஆர் ஃபி இன்கீஸ" என்றால் கதவு மூடியிருக்கும், மூடிய நிலையில் இருக்கும். துணைவினைகள் இரண்டிலும் ஒன்றே, "ஆர் ஃபி". முதலாவதில் எழுவாய் மரியா என்ற பெண்தான், ஆனாலும் "இன்கீஸ்" மாறவில்லை. இரண்டாவதில் கதவு பெண்பால் என்பதால் "இன்கீஸ" ஆகிவிட்டது. நடந்த செயலா, இருக்கிற நிலையா என்பதை அந்த ஒரு அரை அகரம் சொல்லிவிடுகிறது. தமிழில் நாம் "மூடியிரு" என்ற ஒரே அடியை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு, வேற்றுமை உருபையும் எழுவாயையும் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

இதே ஜோடியை அன்றாடப் பேச்சிலும் கேட்கலாம். "மரியா ஆ ப்லெக்காத்" என்றால் மரியா கிளம்பினாள், நடந்த செயல், மாறாத பார்ட்டிசிபிள். "மரியா யே ப்லெக்காத்த" என்றால் மரியா இப்போது இங்கே இல்லை, போயிருக்கிறாள், அது ஒரு நிலை, இயைகிற பார்ட்டிசிபிள். இத்தாலியன் இந்த இரண்டையும் "மரியா ஏ பர்தீத்தா" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும். அந்த இடத்தில் ருமேனியன் துல்லியம், இத்தாலியன் சிக்கனம்.

அப்புறம், இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது? லத்தீனில் "ஹபேயோ எபிஸ்துலாம் ஸ்க்ரிப்தாம்" என்று சொல்ல முடியும். எழுதப்பட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். "ஸ்க்ரிப்தாம்" கடிதத்தை வர்ணிக்கிற சொல், கடிதம் பெண்பால், அதனால் அதுவும் பெண்பால், அதோடு இரண்டாம் வேற்றுமை. வைத்திருப்பவன் ஆணா பெண்ணா என்பது அதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். காலப்போக்கில் "எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது" என்பது "கடிதம் எழுதியிருக்கிறேன்" என்று அர்த்தம் மாறியது, "ஹபேயோ" தன் சொந்தப் பொருளை இழந்து வெறும் துணைவினை ஆனது. தமிழில் "எழுதி வைத்திருக்கிறேன்" என்று சொல்லும்போது அந்த "வை" பாதி உடைமையாகவும் பாதி துணைவினையாகவும் நிற்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு கட்டத்தைத் தாண்டித்தான் அது வந்திருக்கும். நம் "எழுதி" வினையெச்சம் என்பதால் எதோடும் இயையாது, லத்தீனின் "ஸ்க்ரிப்தாம்" இயையும். அதுதான் வித்தியாசம்.

துணைவினை ஆனபிறகு இந்த மொழிகளின் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. பார்ட்டிசிபிள் இனிமேல் வினையின் பகுதியா, இல்லை இன்னும் செயப்படுபொருளை வர்ணிக்கிற பெயரடையா? ருமேனியன் வினை என்று முடிவு செய்து உறையவைத்துவிட்டது. மறு கோடியில் ஸ்பானிஷும் அதே முடிவுதான் எடுத்தது, அங்கேயும் அந்த இறந்தகாலத்தில் பார்ட்டிசிபிள் அசையாது. நடுவில் இருக்கிற இத்தாலியனும் பிரெஞ்சும்தான் பாதியில் நிற்கின்றன. பழைய இத்தாலியனில் செயப்படுபொருள் பின்னால் வந்தாலும் பார்ட்டிசிபிள் அதோடு இயைவது சகஜம், இன்று அது இலக்கிய வாடை அடிக்கும். பிரெஞ்சில் செயப்படுபொருள் முன்னால் வந்தால் மட்டும் இயைபு என்ற விதிக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே வாதாடிய கவிஞர் கிளெமோன் மாரோ, இத்தாலியனைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்.

ஹிந்தி தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. "மேன்னே கிதாப் படீ" என்பதில் படித்தது ஆணாக இருந்தாலும் வினை "படீ" என்று பெண்பாலில் வருகிறது, ஏனென்றால் புத்தகம் பெண்பால். அங்கேயும் அடியில் இருப்பது பழைய செயப்பாட்டுப் பார்ட்டிசிபிள்தான், "என்னால் படிக்கப்பட்ட புத்தகம்" என்ற எண்ணம்தான் பின்னால் வினையாகியிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்த இரண்டு மொழிக்குடும்பக் கிளைகள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது இத்தாலியனுக்குத் திரும்பினால் அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரியும். ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் செயல் யார் மேல், எதன் மேல் விழுந்தது? போவது, வருவது, பிறப்பது, இறப்பது, ஆவது போன்ற வினைகளில் எழுவாயே மாற்றத்துக்கு உள்ளாகிறது, இடமோ நிலையோ மாறுகிறது. அந்த வினைகள் "இரு" என்ற துணைவினையை எடுக்கின்றன, பார்ட்டிசிபிள் எழுவாயோடு இயைகிறது: "மரியா ஏ அந்தாத்தா", "லே ரகாத்ஸே ஸோனோ அந்தாத்தே". சாப்பிடுவது, பார்ப்பது, எழுதுவது போன்றவற்றில் எழுவாய் செய்கிறவர், மாற்றம் வேறெங்கோ விழுகிறது. அங்கே துணைவினை "கொண்டிரு" (உடைமையைச் சொல்கிற சொல், பழைய "ஹபேயோ"தான்), பார்ட்டிசிபிள் எழுவாயைத் திரும்பியும் பார்க்காது. "மரியா ஆ மஞ்ஜாத்தோ" என்பதில் ஓகாரம் ஏன் என்பதற்குப் பதில் இதுதான், சாப்பிடப்பட்டது மரியா இல்லையே.

நகர்வது எல்லாமே "இரு" எடுக்கும் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள், அது போதாது. நடப்பதற்கு "மரியா ஆ காமினாத்தோ" என்றுதான் வரும். ஓடுவதற்கு இரண்டும் வரும், அதில்தான் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. "மரியா ஆ கோர்ஸோ" என்றால் மரியா ஓடினாள், ஓடுகிற வேலையைச் செய்தாள். "மரியா ஏ கோர்ஸா ஆ காஸா" என்றால் மரியா வீட்டுக்கு ஓடினாள், போய்ச் சேர்ந்தாள். சேருமிடம் வந்தவுடன் செயல் எழுவாயின் இடத்தை மாற்றுகிறது, துணைவினையும் மாறுகிறது, ஓகாரம் ஆகாரம் ஆகிறது. ருமேனியனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. போனாலும் வந்தாலும் செத்தாலும் சாப்பிட்டாலும் ஒரே துணைவினை, ஒரே உறைந்த பார்ட்டிசிபிள். தன்னைத்தானே கழுவிக்கொண்டாலும் அப்படித்தான், "மரியா ஸா ஸ்பலாத்". இத்தாலியனில் அதுவே "மரியா ஸி ஏ லவாத்தா".

செயப்படுபொருளோடு இயைகிற இடத்துக்கு வருவோம். "மரியாவைப் பார்த்தேன்", இத்தாலியனில் "ஓ விஸ்தோ மரியா". "அவளைப் பார்த்தேன்" என்றால் "லோ விஸ்தா". மரியா பெயராகப் பின்னால் வந்தால் பார்ட்டிசிபிள் அசையவில்லை, பிரதிப்பெயராக முன்னால் வந்தவுடன் ஆகாரம் ஏறுகிறது. அவனைப் பார்த்திருந்தால் "லோ விஸ்தோ". "அவனை" என்பதற்கான சொல்லும் "அவளை" என்பதற்கான சொல்லும் தங்கள் உயிரெழுத்தை இழந்து வெறும் லகர மெய்யாகத் துணைவினையோடு ஒட்டிவிடுகின்றன, அதனால் ஆணா பெண்ணா என்று சொல்கிற பொறுப்பு பார்ட்டிசிபிளின் கடைசி எழுத்துக்கு வருகிறது. குழப்பம் வராமல் இருக்கத்தான் இந்த இயைபே உண்டானது என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. "அவர்களைப் பார்த்தேன்" என்பதில் "லி ஓ விஸ்தி", "லே ஓ விஸ்தே" என்று பிரதிப்பெயரே பாலையும் எண்ணையும் தெளிவாகக் காட்டுகிறது, அங்கேயும் பார்ட்டிசிபிள் இயைகிறதே. லத்தீனில் இருந்து வந்த பழைய இயைபு இந்த மூலையில் அழியாமல் தங்கிவிட்டது, தங்கிய இடத்தில் அது ஒரு வேலையும் செய்கிறது, அவ்வளவுதான்.

ருமேனியனில் "அவளைப் பார்த்தேன்" என்பது "ஆம் வஸூத்-ஓ". கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த "ஓ"தான் "அவளை". மற்ற பிரதிப்பெயர்கள் எல்லாம் துணைவினைக்கு முன்னால் போய் நிற்கும், "அவனைப் பார்த்தேன்" என்றால் "லாம் வஸூத்", இந்தப் பெண்பால் ஒருமை மட்டும் பார்ட்டிசிபிளுக்குப் பின்னால் வரும். இரண்டு மொழியிலும் வாக்கியத்தின் கடைசி ஒலி பெண்ணைக் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். இத்தாலியனில் அது பார்ட்டிசிபிளின் விகுதி, ருமேனியனில் அது ஒட்டிக்கொண்ட தனிச்சொல், பார்ட்டிசிபிள் வழக்கம்போல அசையவில்லை. இத்தாலியன் தெரிந்தவர் ருமேனியன் பேசும்போது அந்த ஓகாரத்தை ஆண்பால் விகுதி என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இத்தாலிய இயைபு எவ்வளவு சுமக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைத்ததில்லை: "லே ஓ ஸ்க்ரித்தோ" என்றால் அவளுக்கு எழுதினேன், "லே ஓ ஸ்க்ரித்தே" என்றால் அவற்றை எழுதினேன், கடிதங்களையோ வேறெந்தப் பெண்பால் பொருட்களையோ. முன்னால் நிற்கிற "லே" இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் முதலாவது நான்காம் வேற்றுமை, "அவளுக்கு", இரண்டாவது இரண்டாம் வேற்றுமை, "அவற்றை". செயல் விழுவது இரண்டாம் வேற்றுமைப் பொருளின் மேல் மட்டும், அதனால் அதோடு மட்டும்தான் இயைபு. எழுதப்பட்டது அவள் இல்லை, கடிதங்கள். ஒரு உயிரெழுத்தில் வேற்றுமை தெரிந்துவிடுகிறது! பட்டியலை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்பார், கேள்வியைப் பிடித்துக்கொண்டவருக்கு உடனே வந்துவிடும்.

செயப்பாட்டு வினையில் இரண்டு மொழிகளும் சேர்ந்து நடக்கின்றன, ஆனால் ஒரு அடி இடைவெளி விட்டு. கடிதம் எழுதப்பட்டது: இத்தாலியனில் "லா லெத்தெரா ஏ ஸ்தாத்தா ஸ்க்ரித்தா", ருமேனியனில் "ஸ்க்ரிஸ்வாரெயா ஆ ஃபோஸ்த் ஸ்க்ரீஸ". கடிதங்கள் எழுதப்பட்டன: "லே லெத்தெரே ஸோனோ ஸ்தாத்தே ஸ்க்ரித்தே", "ஸ்க்ரிஸோரிலெ ஆவ் ஃபோஸ்த் ஸ்க்ரீஸெ". எழுது என்பதன் பார்ட்டிசிபிள் இரண்டிலும் கடிதத்தோடு இயைகிறது, செயல் விழுந்தது அதன்மேல்தான் என்பதால். ஆனால் நடுவில் நிற்கிற "இரு" என்பதன் பார்ட்டிசிபிளைப் பாருங்கள். இத்தாலியனில் அதுவும் சேர்ந்து மாறுகிறது, "ஸ்தாத்தா", "ஸ்தாத்தே". ருமேனியனில் "ஃபோஸ்த்" கல் மாதிரி அசையாது, ஏனென்றால் அது காலத்தை உண்டாக்கும் வேலையில் இருக்கிற வினை, பக்கத்தில் நிற்பது பெயரடை. ஒரே வாக்கியத்துக்குள் வரப்பு எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருமேனியனில் மூன்றாவதாக ஒரு பால் இருக்கிறது என்று கேட்டதும் நம் ஆட்கள் "அஃறிணைதானே" என்று நினைத்துவிடுவார்கள். இல்லை. ருமேனியனில் மேசை பெண்பால், மரம் ஆண்பால், நாற்காலி மூன்றாவது பால். மூன்றாவது பாலுக்கென்று தனி விகுதியே கிடையாது, ஒருமையில் ஆண்பால் மாதிரியும் பன்மையில் பெண்பால் மாதிரியும் நடந்துகொள்கிற பெயர்களின் கூட்டம் அது. முறிந்த கை "ப்ராத்ஸுல் ரூப்த்", முறிந்த கைகள் "ப்ராத்ஸெலெ ரூப்தெ", பன்மையானதும் பெண்பால் விகுதி. இத்தாலியனில் இதே கை "இல் ப்ராச்சோ ரொத்தோ", பன்மையில் "லே ப்ராச்சா ரொத்தே"! அதுவும் ஒருமையில் ஆண், பன்மையில் பெண். லத்தீனின் மூன்றாம் பால் பெயர்கள் பன்மையில் ஆகாரத்தில் முடிந்ததன் எச்சம் இது. இத்தாலியனில் கை, விரல், உதடு என்று சில சொற்கள் மட்டும் இப்படி மிஞ்சியிருக்கின்றன, இலக்கணப் புத்தகம் அவற்றை விதிவிலக்கு என்று ஓரத்தில் போட்டுவிடும். ருமேனியனில் அது பெரிய வகுப்பு, தினமும் பத்து இருபது முறை வாயில் வரும். ருமேனியன் கொஞ்சம் தெரிந்தபிறகு இத்தாலியனின் "விதிவிலக்குகள்" விதிவிலக்காகவே தோன்றுவதில்லை.

மரியாதை வடிவத்தில் நடப்பதும் தமிழருக்குச் சுவையாக இருக்கும். ருமேனியனில் ஒருவரை மரியாதையாக அழைக்கும்போது வினை பன்மையில் போகும், நம் "நீங்கள் இருக்கிறீர்கள்" மாதிரியே. ஆனால் பெயரடை பன்மை ஆகாது. எதிரில் இருப்பது ஒரு பெண் என்றால் "தும்னெயாவ்வாஸ்த்ர ஸுந்தேத்ஸ் ஒபொஸீத்த", ஆண் என்றால் "ஒபொஸீத்". வினை மரியாதையைப் பார்க்கிறது, பெயரடை ஆளைப் பார்க்கிறது. இத்தாலியனில் மரியாதைக்கு "அவள்" என்கிற பெண்பால் ஒருமைப் பிரதிப்பெயரை வைத்துத்தான் அழைப்பார்கள், ஆண் ஒருவரை அப்படி அழைத்தாலும் அவர் களைத்திருந்தால் "ஸ்தான்கோ" என்றுதான் வரும்.

எங்கும் இயையாத ஒரு வடிவத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ருமேனியனில் "எழுத வேண்டிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன" என்பதற்கு "ஆம் தோவ ஸ்க்ரிஸோர் தே ஸ்க்ரீஸ்" என்பார்கள். கடைசிச் சொல் பார்ப்பதற்கு அச்சாக அதே பார்ட்டிசிபிள், பக்கத்தில் பெண்பால் பன்மைப் பெயர் வேறு நிற்கிறது, இருந்தும் மாறவில்லை. இது வேறு ஆள், லத்தீனின் சுப்பைன் என்ற வடிவத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது, பெயர்ச்சொல் மாதிரி நடந்துகொள்ளும். "தே" முன்னால் வந்து "செய்ய வேண்டிய", "செய்வதற்கான" என்ற அர்த்தம் இருந்தால் கையை வைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, கட்டாயம் இயைகிற இடம் ஒன்று இரண்டு மொழியிலும் உண்டு. "கதவை மூடியதும் மரியா கிளம்பினாள்" என்பதை இத்தாலியனில் "க்யூஸா லா போர்த்தா, மரியா ஏ பர்தீத்தா" என்று எழுதலாம். துணைவினையே இல்லை, பார்ட்டிசிபிள் தனியாக முன்னால் நிற்கிறது, கதவு அதற்குப் பின்னால் வருகிறது, ஆனாலும் பெண்பால். ருமேனியனில் "ஒதாத்த இன்கீஸ ஊஷா" என்று தொடங்கலாம், அதுவும் பெண்பால். செயப்படுபொருள் முன்னால் வந்தால்தான் இயைபு என்று வெறும் சொல்வரிசையாக மட்டும் புரிந்துகொண்டவர் இந்த வாக்கியத்தில் மாட்டிக்கொள்வார். இங்கே துணைவினை இல்லாததால் பார்ட்டிசிபிளை வினையாக்கி உறையவைக்க யாரும் இல்லை, அது தன் பழைய லத்தீன் சுபாவத்தில், கதவை வர்ணிக்கிற சொல்லாகவே இருக்கிறது.

மிச்சம் இருப்பது இத்தாலியன் இன்னும் முடிவெடுக்காத சில இடங்கள். ஒரு பெண்ணிடம் "உன்னைப் பார்த்தேன்" என்று சொல்ல "தி ஓ விஸ்தோ", "தி ஓ விஸ்தா" இரண்டும் சரி. "மரியா போக வேண்டியிருந்தது" என்பதற்கு "ஏ தொவூத்தா பர்தீரே", "ஆ தொவூத்தோ பர்தீரே" இரண்டையும் கேட்கலாம். "நான் எழுதிய கடிதம்" என்று பின்னோக்கிச் சுட்டும்போது "ஸ்க்ரித்தோ" என்பதுதான் இன்றைய வழக்கு, "ஸ்க்ரித்தா" என்றால் பழைய உரைநடையின் சாயல். இவற்றை மூன்று தனி விதிகளாகப் படிக்காதீர்கள். ருமேனியன் என்றோ எடுத்து முடித்த முடிவை இத்தாலியன் இன்னும் ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பம் என்று விட்டிருக்கிற இடத்தில் என்ன செய்வது என்று கேட்டால், "உன்னைப் பார்த்தேன்" என்பதில் நான் "விஸ்தா" பக்கம்தான், அவளைப் பார்த்தால் கட்டாயம், உன்னைப் பார்த்தால் விருப்பம் என்று பிரித்து நினைவில் வைப்பதைவிட இரண்டிலும் இயையவிடுவது சுலபம், கேட்கிறவர் காதுக்கும் அது இயல்பாகவே இருக்கும். போக வேண்டியிருந்த மரியாவுக்கும் "தொவூத்தா" போடுவேன், ஏனென்றால் கடைசியில் கிளம்பியது அவள்தான்.